கிரேன்காரரின் கறிப் பத்தியம்

கோபுரக் கிரேன் ஓட்டுகிறவர்களுக்குக் காற்றும் மழையும் பெரிய எதிரிகள் அல்ல. பெரிய எதிரி வயிறு. அது கலக்கிவிட்டால் ஏணியில் இறங்க வேண்டும், இறங்கினால் மறுபடி ஏற வேண்டும், அதுவரை கீழே அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அதனால் காலையில் தண்ணீரைக்கூட வாயை நனைக்கிற அளவுக்குத்தான் குடிப்பார்கள். யார் குறைவாக இறங்குகிறாரோ அவரே கைதேர்ந்தவர் என்று அந்தத் தொழிலில் ஒரு கணக்கு.

அந்தக் கணக்கில் முதல் ஆள், எல்லோரும் பருந்து என்று கூப்பிட்ட அந்த மனிதர். ஏறினால் வேலை முடிகிற மணிக்குத்தான் இறங்குவார். கண்ணாடிச் சட்டங்களைத் தூக்கிவந்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் சத்தமில்லாமல் வைப்பார். தரையில் நடக்கும்போதுதான் அவரிடம் ஒரு தடுமாற்றம் தெரியும், கரையில் போட்ட மீன் மாதிரி.

போன வருஷத்து உடல் பரிசோதனையில் எடையும் சர்க்கரையும் எல்லை தாண்டியிருந்தன. அடுத்த பரிசோதனையிலும் இப்படியே இருந்தால் ஏணி ஏற அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். மனைவியின் தம்பி அப்போதுதான் வந்திருந்தான். கைபேசி விற்கிற கடையில் வேலை. உலகத்து வைத்தியமெல்லாம் அவன் கைபேசியில் இருந்தது.

"ரொட்டி, கிழங்கு, காய், பழம், இதெல்லாம்தான் மச்சான் எதிரி. கறி, மீன், முட்டை, வெண்ணெய். வேற எதையும் பல்லுல பட விடாதீங்க."

இதைச் சொல்லும்போது அவன் வாயில் அக்கா வாங்கி வைத்திருந்த இனிப்பு ரொட்டி இருந்தது. ஊருக்குத்தான் உபதேசம்.

ஆனால் பத்தியம் பலித்தது. முதலில் தலைவலியும் சோர்வும் வந்தன, பிறகு போய்விட்டன. இடுப்புவார் ஒவ்வொரு ஓட்டையாக உள்ளே போயிற்று. சர்க்கரை இறங்கியது. மனைவி தையல்காரி. கணவரின் கால்சட்டைகளை எல்லாம் பிரித்து இடுப்பைச் சிறிதாக்கித் தைத்தபோது அவளுக்கும் சந்தோஷம்தான். பழைய படத்தில் இருக்கிற மாப்பிள்ளை திரும்பி வந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

பருந்துக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது. பசி எடுப்பதில்லை, வயிறு கலக்குவதில்லை, வெளிக்குப் போவது எப்போதோ ஒருநாள். மேலேயே கிடக்கலாம். உடம்பு மக்கர் செய்கிறது என்று வேறொருவர் பயப்படுகிற இடத்தில், இவர் தன் தொழிலுக்காகவே கடவுள் கொடுத்த வரம் என்று எடுத்துக்கொண்டார். தண்ணீரையும் இன்னும் குறைத்தார்.

கீழே நின்று வாக்கிடாக்கியில் அவருக்கு வழி சொல்கிற சிக்னல்காரரிடம் இதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தார். அவர்கள் இருவரும் பல கட்டடங்களாகச் சேர்ந்தே வேலை பார்க்கிறவர்கள். ஒருவருக்குக் கண் இன்னொருவர். சிக்னல்காரர் கேட்டுவிட்டு, பருந்து எங்கே அண்ணே வாழைப்பழம் சாப்பிட்டுப் பார்த்திருக்கோம் என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

மனைவிக்குத்தான் மெல்ல மெல்ல உறுத்தியது. பல் தேய்த்துத் துப்பிய இடத்தில் ரத்தம் தெரிந்தது. வாயில் ஒரு வாடை. வெளிக்குப் போகிற அந்த ஒருநாளும் அவர் உள்ளேயே குடியிருந்தார். கழிப்பறைக்கு வாடகை கேட்கலாம் போலிருக்கிறது என்று அவள் கதவுக்கு வெளியே நின்று சொன்னாள். கறி உருண்டைக்குள் கீரையைப் பொடிப்பொடியாக நறுக்கி ஒளித்தும் பார்த்தாள். மேலேயிருந்து ஆணியைப் பார்க்கிற கண்ணுக்கு அது தப்புமா? ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அன்று முழுக்க அவளுக்குக் கோபம்.

பரிசோதனைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அப்போது ஒரு காலையில், வலது கால் பெருவிரலின் அடிமூட்டு சிவந்து வீங்கியிருந்தது. எங்கோ இடித்துக்கொண்டோம் என்று நினைக்கப் பார்த்தார். காலணியின் நாடாவைக் கட்டாமலே கிளம்பினார். மனைவி பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, நேரமாகிவிட்டது என்றார். குதிகாலை மட்டும் ஊன்றி ஏணியில் ஏறிவிட்டார்.

கிரேனை ஓட்டக் கை போதும். அதனால் மதியம்வரை வேலை நடந்தது. வலியோ ஏறிக்கொண்டே போயிற்று. காலணியைக் கழற்றினார், திரும்பப் போட முடியவில்லை. காலுறை உரசினாலே கண்ணில் நீர் வந்தது. அப்போது காற்று எழுந்தது. காற்று வரம்பைத் தாண்டினால் கிரேனின் கையைக் காற்றோடு சுழல விட்டுவிட்டு ஓட்டுகிறவர் இறங்கிவிட வேண்டும். பருந்து பாரத்தை இறக்கி, கொக்கியை உயர்த்தி, பிரேக்கைத் தளர்த்தி, செய்ய வேண்டியதையெல்லாம் முறையாகச் செய்தார். பிறகு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இறங்குங்க. காத்து கூடுது" என்றது வாக்கிடாக்கி.

"சேனலை மாத்து."

தனிச் சேனலுக்கு மாறியதும் சொன்னார். "காலை ஊனவே முடியலப்பா. பெருவிரல்ல நெருப்பை வச்ச மாதிரி இருக்கு. மேனேஜர்கிட்ட சொல்லிடாதே. அடுத்த வாரம் மெடிக்கல்."

"ஊர்ல உள்ளதையெல்லாம் நீங்க இறக்குறீங்க. உங்கள யாரு இறக்குவா? சொல்லாம எப்படி முடியும்?"

"சொன்னா என் சீட்டு போச்சு."

"சொல்லலைனா நீங்களே போயிருவீங்க, அண்ணே."

சிக்னல்காரர் மேனேஜரிடம் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தானே ஏறினார். உயரம் என்றால் அவருக்குப் பயம். அதனால்தான் தரையில் நிற்கிற வேலையையே பிடித்துக்கொண்டவர். காற்று கிரேனை ஆட்டியது. மேலே சேர்ந்ததும் அவர் பருந்துக்கு ஒரு படி கீழே நின்று, பாரத்துக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார்: இடது, மெல்ல, இன்னும் கொஞ்சம், நில். பருந்து இரண்டு கையாலும் தொங்கி, ஒற்றைக் காலால் இறங்கினார். ஏணிக்கு நடுவே நிற்பதற்குத் தட்டு வருகிற இடத்திலெல்லாம் இருவரும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, எல்லாம்தான் என்றார் பருந்து. ஓடி வந்திருந்த மனைவி கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், கறியும் முட்டையும் தவிர வேறெதையும் இவர் தொட்டுப் பல மாதமாகிறது என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நிதானமாக விளக்கினார். எடையும் சர்க்கரையும் குறைந்தது உண்மை, அது நல்லது. ஆனால் இத்தனை கறியும், தண்ணீர் குடிக்காததும் சேர்ந்து யூரிக் அமிலம் ஏறி, மூட்டில் ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது. கெட்ட கொழுப்பும் ஏறியிருக்கிறது. நார் இல்லாமல் குடல் சோர்ந்து கிடக்கிறது. ஈறு ரத்தம், பழமும் காயும் சாப்பிடாததால் வந்ததாக இருக்கலாம், பார்க்க வேண்டும்.

"கறியை விட்டுறச் சொல்லல. அளவா சாப்பிடுங்க. காய், பழம், பருப்பு சேருங்க. நிறையத் தண்ணி குடிங்க. வயிறு ஒழுங்கா போகணும்."

பருந்து கட்டிலின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் எப்படி மேல இருக்கிறது?"

டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. மனைவிக்கு விளங்கிவிட்டது. கீரை பொறுக்கிய நாளில் வந்த கோபம்கூட இப்போது அவளுக்கு வரவில்லை.

"இறங்கக் கூடாதுங்கறதுக்காகவா இத்தனையும்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இதைப் போயி எப்படிச் சொல்றது" என்றார் அவர்.

வலி அடங்கி, ஏணி ஏறலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுக்கும்வரை தரையில்தான் வேலை. இன்னொருவர் மேலே இருந்து ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டு பாரங்களுக்குக் கயிறு கட்டினார். மச்சினன் ஒருநாள் வந்து, வெண்ணெயைக் குறைத்ததுதான் தப்பு என்று ஆரம்பித்தான். அக்கா அவன் கையில் ஒரு தட்டுக் காயை நறுக்கக் கொடுத்தாள். காய் சேர்ந்ததும் வயிறு முதலில் ஊதிக் கலவரம் செய்தது. பிறகு பழகிக்கொண்டது. எடை கொஞ்சம் ஏறியது. சர்க்கரை எல்லைக்கு உள்ளேதான், ஆனால் எல்லையை ஒட்டியே நின்றது. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள்.

அனுமதி கிடைத்த முதல் நாள், தண்ணீர்ப் பாட்டிலோடு ஏறினார். முற்பகல் வேலை மும்முரத்தில் இருந்தது. கீழே லாரி காத்திருந்தது. எல்லோரும் கேட்கிற பொதுச் சேனலில் அவர் குரல் வந்தது.

"நான் கொஞ்சம் இறங்கணும்."

யாரோ ஒருவன் சிரித்தான். மேனேஜர் லாரியைப் பார்த்தார், மேலே பார்த்தார்.

"பாரத்தை வச்சுட்டு வாங்க அண்ணே, இங்க ஒண்ணும் ஓடிப்போகாது" என்றார் சிக்னல்காரர்.

பருந்து பாரத்தை வைத்தார். கொக்கியை உயர்த்தினார். பட்டப்பகலில், இத்தனை பேர் பார்க்க, ஏணியில் இறங்கத் தொடங்கினார்.