மேயர் கொத்திய முதல் பெயர்

காலை ஆறு நாற்பதுக்கு நடந்துபோகையில் நின்று படித்தேன். தலைநகரின் குடிநீர்த் தொட்டிச் சுவரில் பதித்த கல்லில், முன்னாள் மேயரான என் அக்காவின் பெயருக்குக் கீழே கல்கொத்தியவரின் பெயரும் இருந்தது. பதவியில் இருந்தபோது அவள் போட்ட உத்தரவு அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் ஊரான மயிலாடியில், ஊர்க் கிணற்றுக்கான கல்லில், அதற்குப் பணம் கொடுத்த பண்ணையாரின் பெயரைக் கல்தச்சரான அப்பா வெட்டி முடித்தார். கஞ்சி குடித்துவிட்டு அவர் உறங்கிய மதியம், பத்து வயது அக்கா உளியெடுத்து அதன் அடியில் அப்பாவின் பெயரைக் கொத்திவிட்டாள்.

கல்லைப் பார்க்க வந்த பண்ணையார் கொதித்தார். "ஏலே, எம்பேருக்குக் கீழ உம்பேரா? இப்பவே அழிக்கல்லேன்னா இந்த ஊர்ல உனக்கு வேலை கிடையாது."

"இந்தக் கல்லக் கொத்துனது அப்பாதான?" என்றாள் அக்கா.

அப்பா குனிந்து எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். "வரி நேரா வந்திருக்கு மக்கா" என்று அவளிடம் சொல்லிவிட்டு, தன் பெயரைக் கொத்தி அழித்தார்.