நெகட்டிவ் ரிசல்ட்டுக்கு அடங்காத பயம்

1. உட்காராதவர்

தேவராஜ் முதல் தடவை வந்தபோது நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார்.

"வேணாம் மேடம். எனக்கு அப்புறம் யாராவது வந்து உட்காருவாங்க."

தன்னிடம் இருக்கும் நோய் நாற்காலி வழியாகவே அடுத்தவருக்குப் போய்விடும் என்று நம்பினார்.

அப்போது நான் மரக்காணம் பக்கத்தில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. கவுன்சிலர். டெஸ்ட்டுக்கு முன்னால் பேசுவதும், ரிசல்ட் வந்த பிறகு பேசுவதும்தான் வேலை. தேவராஜுக்கு முப்பது வயது இருக்கும். உப்பளத்தில் கூலி. பாதம் முழுக்க உப்புத் தண்ணீர் அரித்த வெடிப்பு. மனைவி செல்விக்கு ஏழாம் மாதம்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்த இடத்துல சின்னச் சின்னதா பொரி மாதிரி இருக்குது. வெளிர் மஞ்சளா. வலி இல்ல, அரிப்பு இல்ல. போன்ல தேடினேன். அதுல வந்த போட்டோவைப் பார்த்ததுல இருந்து சோறு இறங்கல."

"வெளிய எங்கியாவது போனீங்களா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. பாண்டிச்சேரியில. ஒரே ஒரு தடவை." பிறகு கேட்டார். "வயித்துல இருக்கிற புள்ளைக்கும் போயிருக்குமா மேடம்?"

ரத்தம் எடுத்தோம். எச்.ஐ.வி. நெகட்டிவ். மேக நோய்க்கான வி.டி.ஆர்.எல். டெஸ்ட்டும் நெகட்டிவ். ரெண்டு வருஷம் ஆகிவிட்டதால் இந்த ரிசல்ட்டைத் தாராளமாக நம்பலாம் என்று விளக்கினேன். அவர் ரிசல்ட் பேப்பரை மடிக்கவே இல்லை.

"அப்ப இது என்ன மேடம்?"

"ஸ்கின் டாக்டர் வியாழக்கிழமை வருவாங்க. அவங்ககிட்ட காட்டுங்க."

வெளியே பெஞ்சு நிறைய ஆள். அடுத்தவரைக் கூப்பிட்டேன். வியாழக்கிழமை அவர் கேட் வரைக்கும் வந்திருக்கிறார். ஓ.பி. வரிசையில் சொந்தத் தெருக்காரப் பெண் நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2. செல்வி கேட்டது

ரெண்டு வாரம் கழித்து செல்வி செக்கப்புக்கு வந்தாள். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் டெஸ்ட்டுக்காக என்னிடம் முன்பே வந்தவள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மேடம், அவர் இங்க வந்தாராமே. எதுக்கு?"

"யார் வந்தாங்க, எதுக்கு வந்தாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்றதில்லம்மா."

"நாலு மாசமா என் பக்கத்துல படுக்கிறதில்ல. இப்ப அவர் தட்டைத் தனியா கழுவி வெக்கிறாரு. துண்டைத் தொட்டா பிடுங்கிக்கிறாரு. வேற யாராவது இருக்காங்களா, இல்ல பெரிய வியாதியா?"

ரகசியம் காப்பது இந்த வேலையின் முதல் விதி. நான் வாய் திறக்காததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"எனக்கு எடுத்ததுல ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே, அது நெசந்தானே?"

"சத்தியமா நெசம்."

எழுந்து போனாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. தேவராஜுக்கு போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.

3. கால் ஆணி மருந்து

அடுத்த வாரம், காலை ஓ.பி. நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உப்பளத்து ஆட்கள் ரெண்டு பேர் தேவராஜைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே சுருண்டு விழுந்தாராம். எங்கே வலி என்று கேட்டால் சொல்லவில்லையாம்.

என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

"வெடிச்சிருச்சு மேடம். உள்ள இருந்தது வெளிய வந்துருச்சு. செல்வியை அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க. நேத்து கடல்ல இறங்கிடலாம்னு போனேன். புள்ள முகத்தைப் பார்க்கலியேன்னு திரும்பிட்டேன்."

அவரைத் தனியாக விடாமல் டியூட்டி டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். டாக்டர் ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். நான் ஸ்கிரீனுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஏம்பா, இதுல என்ன போட்ட?"

"மெடிக்கல்ல கால் ஆணிக்குன்னு சொல்லி வாங்கினேன் சார். மூணு நாளா வெக்கிறேன். அந்தப் பொரி உதிர்ந்துடும்னு நெனச்சேன்."

"புண்ணு அந்த மருந்தால வந்தது. ஆசிட் அது. அதோட போய் உப்புத் தண்ணி தெறிக்க நின்னா சுருண்டு விழாம என்ன செய்வ? மருந்து படாத இடத்துல இருக்குது பாரு, இந்தப் பொரி, இதுக்குப் பேரு எண்ணெய்ச் சுரப்பி. பொறந்ததுல இருந்து தோலுக்குள்ள இருக்கிறது. வயசு வந்தப்புறம் சில பேருக்கு வெளிய தெரியும். யார்கிட்ட இருந்தும் வராது, யாருக்கும் ஒட்டாது. மருந்தே தேவையில்ல."

"இல்ல சார், நெசமா சொல்லுங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஸ்கிரீனுக்கு மேலே அவர் முகம் மட்டும் எனக்குத் தெரிந்தது; மாஸ்க்கை இறக்கி, தன் மேல் உதட்டை இழுத்துக் காட்டினார்.

"என் ஒதட்டுல பாரு. இதே பொரி. இருபது வருஷமா இருக்குது. எனக்கும் வியாதியா?"

ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் தேவராஜ் அழும் சத்தம் கேட்டது.

புண் ஆற மூன்று வாரம் ஆனது. கட்டு மாற்ற வரும்போதெல்லாம் என்னிடமும் வந்து பேசிவிட்டுத்தான் போவார். கடல் நினைப்பு திரும்ப வருகிறதா என்று ஒவ்வொரு தடவையும் நேராகவே கேட்டேன்.

செல்விக்குப் பெண் குழந்தை. முதல் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வந்தவள், வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே வந்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டாரு மேடம். பாண்டிச்சேரி விஷயத்தையும். மன்னிச்சிட்டேன்னு நான் இன்னும் சொல்லல. ஆனா இப்ப என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியுது. அது போதும்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உடம்பில் புதிதாக எது முளைத்தாலும் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ போனோ சொல்லக் கூடாது. ஆனால் அந்த டாக்டரின் அறை வரைக்கும் பயந்தவரோடு நடந்து போவது நம் வேலை. நான் தேவராஜிடம் என்ன இல்லை என்று சொல்லி அனுப்பினேன். இருப்பது என்ன என்று தெரியாமல்தான் அவர் கடல் வரை போனார்.