என் கொல்லையில் வளர்ந்தது கீரைதான்

பினாங்கிலிருந்து வந்த மைத்துனன் கொடுத்த சீனக் கடுகுக்கீரை விதையை மணலோடு கலந்து கொல்லையில் தூவியிருந்தேன். இலை முறம்போல அகன்று வந்தது. இன்று முதல் அறுப்பு என்று அரிவாளோடு போனேன்.

பாத்தி மொட்டையாகக் கிடந்தது.

பக்கத்து வீட்டுச் சாத்தையா வெற்றிலையை மென்றுகொண்டு வேலியோரம் நின்றான்.

"யுத்தம் வந்ததுலேருந்து நல்ல பொகையிலையே கெடைக்கலை. நீங்க போட்டிருக்கீங்க, சொல்லவே இல்லையே மாமா?"

"அது கீரைடா."

"கீரை இம்புட்டுக் காரமாவா இருக்கும்? நாக்கு சுர்ருங்குது. மிச்சத்தைக் கூரையில காயப் போட்டுருக்கேன்."

மறுபடியும் கீரை என்றேன்.

"சரி மாமா, யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று கண்ணடித்தான்.

மத்தியானம் வெறும் ரசம்தான்.

கொஞ்சம் விதை மீதி இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள். பல்லில் வெற்றிலைக் கறை உள்ளவர்களுக்குக் கிடையாது.