ஒரு வழி டிக்கெட் ஆகாது

நேற்று டொரோண்டோ ஏர்போர்ட் இமிக்ரேஷன் கவுண்டரில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

முதலில் முன்கதைச் சுருக்கம். நான் கனடாவில் பி.ஆர்., அதாவது நிரந்தரவாசி. ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது இங்கே இருந்தாக வேண்டும். நான் இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை.

மலேசியாவில், எங்கள் ஊர் அசாம் ஜாவாவில் அப்பாவுக்குப் பக்கவாதம். வீட்டுக்காரரை இங்கே விட்டுவிட்டு ஓடினேன். ஒரு மாதம் என்று போனவள், அப்பா தடி ஊன்றி ரோட்டோர ஒட்டுக்கடைக்குத் தானே நடந்து போகும்வரை இருந்துவிட்டேன்.

கடைசியில் அவரேதான் விரட்டினார்.

"போ லா. மாப்பிள்ள தனியா மீ பெரட்டித் தின்னுக்கிட்டு கெடக்காரு." (மீ என்றால் எங்கள் ஊரில் நூடுல்ஸ்.)

டிக்கெட் போட உட்கார்ந்தபோது மட்டும் சத்தம் போட்டார்.

"ஒரு வழி டிக்கெட்டு எடுக்காத, ஆகாது."

"நான் அங்கதான ப்பா இருக்கப் போறேன்?"

"இரு. யாரு வேணாம்னா? டிக்கெட்டு ரெண்டு வழியும் இருக்கட்டும்."

(ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் மனுஷன். ஆனால் சாங்கியம் என்றால் சாங்கியம்தான்.)

எங்கள் வீட்டில் பினாங்குக்குப் பஸ் ஏறினாலும் ரிட்டன்தான். ஒரு வழிப் பயணம் சவப்பெட்டிக்கு மட்டும்.

நானும் யோசிக்காமல் ரிட்டன் எடுத்துவிட்டேன்.

கவுண்டரில் ஒரு பெண் அதிகாரி. (ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் போடுகிறேன்.)

"இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?"

சொன்னேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து வைத்தேன். பொறுமையாகப் படித்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"இப்ப இங்க வாழத்தான் வந்திருக்கீங்களா?"

"ஆமா."

"டிக்கெட்டக் காட்டுங்க."

காட்டும்போதுதான் எனக்கே உறைத்தது. அடுத்த மாதம் கோலாலம்பூருக்கு ரிட்டன்.

"வாழ வந்தவங்களுக்கு இது எதுக்கு?"

பி.ஆர். போய்விட்டால், கதவுக்கு அந்தப் பக்கம் காத்திருக்கும் வீட்டுக்காரரோடு இனி எந்த வருஷம் சேருவேன்?

பொய் சொல்லத் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னேன். சவப்பெட்டி வரைக்கும்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்கத் தயாரானார்.

"முதல்ல குடியேறி வந்தப்பவும் ரிட்டன்தானா?"

"ஆமா."

"அந்த டிக்கெட்ட என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. அது பாட்டுக்குக் காலாவதி ஆயிருச்சு. அப்பா விழுந்தப்ப வேற டிக்கெட் எடுத்துத்தான் ஓடுனேன்."

கம்ப்யூட்டரில் தேடினார், பார்த்தார். பிறகு எதையோ நீளமாகத் தட்டினார். என்ன எழுதியிருப்பார் என்று எனக்கு இன்னும் மண்டை குடைகிறது. (அப்பாவுக்கு ஆகாதாம் என்றா?)

காரணத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி பாஸ்போர்ட்டை நீட்டினார்.

"இந்த டிக்கெட்டையும் காலாவதி ஆக விடுங்க. அடுத்த தடவ இப்படி வராதீங்க."

வெளியே வந்து வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்புறம் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"விட்டுட்டாங்க ப்பா. ஆனா ரிட்டன் டிக்கெட்ட யூஸ் பண்ணாதன்னு சொல்லிட்டாங்க."

அப்பா விடவில்லை.

"அவங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நீ கேன்சல் மட்டும் பண்ணிறாத தாயி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

உங்கள் வீட்டிலும் ஒரு வழி டிக்கெட் ஆகாதா?

நான் இன்னும் கேன்சல் பண்ணவில்லை.