சகலை வீட்டுப் பூஜையறையில் ஒரு ‘ச’

என் கையெழுத்து ஒரு பூஜையறையில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. மொரப்பூரில் சகலை வீட்டில், முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவே, தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த ஒரு தாள். அதன் பின்பக்கம் சிவப்பு மையில் ‘ச’ என்ற ஒற்றை எழுத்து. நான் பாப்பிரெட்டிப்பட்டியில் தமிழாசிரியர். இத்தனை வருடங்களாகக் கரும்பலகையில் எழுதித் தள்ளியதில் சாமியானது அது ஒன்றுதான்.

சகலை என் மனைவியின் தங்கை கணவர், உரக்கடை வைத்திருக்கிறார். மாமனார் வீட்டில் நான் மூத்த மாப்பிள்ளை என்பதால், நாட்டுக்கோழி அடித்தால் ஈரல் என் இலைக்குத்தான் வரும். சகலை பங்குச்சந்தையில் சம்பாதிக்கத் தொடங்கியபின் மாமியாரின் கரண்டி என்னைத் தாண்டி அவர் இலைக்குப் போனது. ஒரு துண்டு ஈரலுக்காகவா பொறாமைப்படுவார்கள் என்று கேட்காதீர்கள். நான் பட்டேன். வயிறு எரிந்தது.

அவர் சம்பாதித்த விதம்தான் இன்னும் பொறுக்கவில்லை. நான் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்து, ஒரு மாதம் யோசித்துப் பங்கு வாங்குவேன். வாங்கிய மறுநாள் இறங்கும். அவர் ரயிலடியில் ஒரு ஜோசியரிடம் கம்பெனியின் பெயரைச் சொல்வார். ஜோசியர் பெயரின் முதல் எழுத்தை வைத்து நட்சத்திரம் கண்டுபிடித்து, பிள்ளைக்குப் பார்ப்பதுபோலக் கம்பெனிக்குப் பலன் சொல்வார். சகலை குரு ஹோரை பார்த்து, செல்போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவார். ஏறும்.

ஒரு நாள் காலை, சந்தை திறக்குமுன், பைக்கில் என் வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. கையிலிருந்த பணம் முழுவதையும் ஒரே கம்பெனியில் போட்டிருந்தார். பெயர் ‘ஸ’வில் தொடங்கினால் சதயமாம், கிரகம் சரியில்லை, இன்றே விற்றுவிட வேண்டுமாம். ‘ச’ என்றால் ரேவதியாம், விற்கவே கூடாதாம். எந்த எழுத்து என்று ஜோசியருக்கே குழப்பம் வந்து, தமிழ் படித்தவரிடம் கேட்டு வரச் சொல்லிவிட்டார்.

“நீங்களே எழுதிக் குடுங்கண்ணா. நீங்க எழுதிட்டா அப்புறம் எனக்கு வேற ரோசனையே இல்லீங்க,” என்று காலண்டர் தாளை நீட்டினார்.

அதே கம்பெனியின் பங்கு என்னிடமும் கொஞ்சம் இருந்தது. அதன் புதிய அறிக்கையை முந்தின நாள்தான் படித்திருந்தேன். கழுத்துவரை கடன், விழப்போவது உறுதி என்று நினைத்தேன். பெயரோ சுத்தமான வடமொழி, சந்தேகத்துக்கு இடமில்லாத ‘ஸ’. சிவப்புப் பேனாவை எடுத்து ‘ச’ என்று எழுதிக் கொடுத்தேன். தமிழில் ‘ஸ’ கிடையாது என்று இலக்கணம் வேறு பேசினேன். அவர் பைக் தெருமுனை தாண்டி, சந்தை திறந்ததும் என் பங்குகளை விற்றேன். குளித்துவிட்டு வந்த மனைவியிடம் கம்பெனிப் பெயரைச் சொல்லி, அது இனி தேறாது, நம் பங்கை விற்றுவிட்டேன் என்றேன்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் கெடுக்கவென்றே எழுதினேன், ஏடு கெடவில்லை. பங்கு ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம் சகலை வீட்டுக்கு மாடி எடுத்தார். புதுமனை புகுவிழாவில் சொந்தபந்தம் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த மாடி எங்கண்ணன் எழுதுன ஒரே எழுத்துங்க,” என்றார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த விருந்தில் ஈரல் என் இலைக்குத் திரும்பி வந்தது. அதை இலையோரம் ஒதுக்கினேன். நான் நினைத்த கெடுதல்கூட அவருக்கு நல்லதாகவே போய் முடிகிறதே என்ற எரிச்சலில் அன்று மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்தேன்.

போன அமாவாசைக்குப் போயிருந்தோம். பழைய சட்டத்தை மாற்றிப் புதிது போட்டிருந்தார்கள். எழுத்துக்குக் கீழே கம்பெனிப் பெயரையும் தேதியையும் சகலை அழகாக எழுதி வைத்திருந்தார். சாமிகளுக்குக் கற்பூரம் காட்டி, ‘ச’வுக்கும் ஒரு சுற்றுக் காட்டிவிட்டு, தட்டோடு முதலில் என்னிடம்தான் வந்தார். அந்த முகத்தில் இன்றுவரை சந்தேகத்தின் சாயல் இல்லை. மாடியைவிட அதன்மேல்தான் எனக்கு இப்போது பொறாமை. யாரையும் அப்படி நம்ப எனக்கு வரவில்லை.

தட்டு நகர்ந்தது. பக்கத்தில் நின்ற என் மனைவி கும்பிட்ட கையை இறக்காமல் அந்தத் தாளையே படித்துக்கொண்டிருந்தாள். பிறகு என் காதருகே மெல்லக் கேட்டாள்:

“ஏங்க, அன்னிக்குக் காலையில நாம வித்தது இதே கம்பெனிதானுங்களே?”