சொட்டம்மாவும் சோப்பு படாத கண்ணாடிகளும்

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் வாரம். அலமாரிப் புட்டிகளில் எல்லாம் எறும்பு ஊர்ந்தது போலப் பொடி எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிவிடும். கேட்கவும் வெட்கம். ஒரு புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் திருதிருவென்று விழித்ததை அங்கே ஆராய்ச்சி செய்த அம்மா பார்த்தார்; அவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். திங்கட்கிழமை வந்து பார்த்தால் எல்லாப் புட்டியிலும் புதுச் சீட்டு, கொட்டை கொட்டையாக எழுத்து.

"என்ன மேடம், லேபை பாலர் பள்ளி ஆக்கிட்டீங்க?" என்று டைரக்டர் சிரித்தார்.

"கண்ணு மங்கிப் போச்சு சார். வயசாகுதுல்ல?" என்றார் அம்மா.

ஊசி முனையில் பாதிகூட இல்லாத உயிரை எண்ணிச் சொல்லும் கண் அது. அதைப் போய் மங்கிவிட்டது என்று சொன்னார், எனக்காக.

எந்நேரமும் ஒரு சொட்டுத் தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பதால் வாசல் காவலாளி அவருக்கு வைத்த பெயர் சொட்டம்மா. அம்மாவுக்கும் அது தெரியும். போனை எடுத்தால் சில நாள் அவரே "சொட்டம்மா பேசுறேன்" என்பார்.

அவருடைய அப்பா கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். அவர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய், குழாயடித் தொட்டியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்த சிறு பெண்தான் பின்னாளில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிய இந்தப் படிப்புப் படித்தார். வேலைக்கு வந்தபோது அந்தக் கட்டடத்தில் பெண் என்று இவர் ஒருத்திதான். இரண்டு வருஷம் மைக்ரோஸ்கோப்பைத் தொடவிடாமல் டைப் அடிக்க வைத்தார்களாம். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் பார்த்துப் பார்த்தே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். அதற்குப் பிறகுதான் நாற்காலி கொடுத்தார்கள். மத்தியானம் பட்டினி கிடக்கும் பழக்கம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

அவர் பார்த்தது உடம்பு முழுக்க ஒரே ஒரு அறையாலான உயிர். செருப்பின் அடித்தடம் போல இருக்கும். வாய் இருக்கிறது, வயிறு இருக்கிறது, எல்லாம் அந்த ஓர் அறைக்குள்ளேயே. வளர்ந்ததும் நடுவில் இடுப்புச் சிறுத்து இரண்டாகிவிடும். தாய் எது, பிள்ளை எது என்று சொல்ல முடியாது.

மழைத் தண்ணீரிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்து, நடுவில் குழி உள்ள சிறு கண்ணாடியில் விட்டு அம்மா வளர்க்கத் தொடங்கினார். காய்ந்த புல்லைக் கொதிக்கவைத்து வடித்த தண்ணீர்தான் சாப்பாடு. மறுநாள் காலை எத்தனை ஆகியிருக்கிறது என்று எண்ணுவார். அதில் ஒன்றை மட்டும் மெல்லிய குழலால் உறிஞ்சிப் புதுக் கண்ணாடிக்கு மாற்றுவார். இப்படித் தினம் தினம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், பதினோரு வருஷம். ஒரே வம்சம்; ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று ஆறு கண்ணாடியில்.

இத்தனை பாடு எதற்கு? இந்த வம்சமும் மனிதன் மாதிரி கிழடு தட்டிச் செத்துப்போகும் என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதியிருந்தார்கள். அம்மா இல்லை என்றார். துணை ஏதும் வேண்டாம், களைத்துப்போனால் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. "வீட்டைக் காலி பண்ணாமலே உள்ளுக்குள்ள இடிச்சுக் கட்டிக்கும்" என்பார். ஆனால் கண்ணால் கண்டு நிரூபிக்க வேண்டுமே. அந்த வருஷம் வம்சம் களைத்துப்போயிருந்தது. ஒரு நாளில் ஒன்று நாலாகப் பெருகியது போய், இரண்டாகி, ஒன்றரையாகிக் குறைந்துகொண்டே வந்தது. செத்துவிட்டால் அவர் பேச்சும் செத்தது. எங்கள் ஆய்வு அறையையும் மூடிவிடுவார்கள். அதை முடிவு செய்ய வெளியூரிலிருந்து மூன்று பேர் பார்வையிட வருவதாக இருந்தார்கள்.

நான் தினமும் கண்ணாடிகளைத் தொடும்முன் கண்ணை மூடி ஆண்டவனை நினைப்பேன். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கேலி செய்தது இல்லை. "சரி, நீ கும்பிடு. நான் எண்ணுறேன். ரெண்டுல எது பலிக்குதுன்னு பாப்போம்" என்பார்.

கழுவும் தொட்டிக்கு மேலே "சோப்பு கூடாது" என்று ஒரு சீட்டு இருந்தது. கொதிநீர் மட்டுந்தான். அம்மா காகிதத்தில் இரண்டு பக்கமும் எழுதுகிறவர், பென்சில் விரல் நுனியளவு தேயும்வரை விடாதவர். ஆகவே இதுவும் சிக்கனம் என்றே நான் நினைத்துவிட்டேன். பார்வையாளர்கள் வருவதற்கு முந்தின நாள், அம்மாவுக்கு நல்ல பெயர் வரட்டும் என்று வீட்டிலிருந்து சோப்புத்தூள் கொண்டுபோய் அத்தனை காலிக் கண்ணாடியையும் பளபளவென்று தேய்த்து வைத்தேன். ஒன்றை மாற்றியபின் மிச்ச உயிர்கள் இருக்கும் நேற்றைய கண்ணாடிகளை ஒரு நாள் அப்படியே வைத்திருப்பது அம்மாவின் வழக்கம். மேஜை சுத்தமாகத் தெரியவேண்டும் என்று அவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டேன். ஒன்று மட்டும் கொட்டும்முன்னே கைதவறி ஓரம் உடைந்தது. வருகிறவர்கள் கண்ணில் பட்டால் அசிங்கம் என்று, கழுவக்கூட நேரமில்லாமல், தண்ணீரோடு மூடித் தொட்டிக்குக் கீழே ஒளித்து வைத்தேன்.

மறுநாள் காலை ஆறில் ஒன்றுகூடப் பிரிந்திருக்கவில்லை; பழைய கண்ணாடியில் மிச்சம் வைக்க ஏதுமில்லாமல் அம்மா ஆறையும் புதுக் கண்ணாடிக்கு மாற்றினார். மத்தியானத்துக்குள் ஆறும் அசையவில்லை.

அம்மா ஒரு கண்ணாடியை எடுத்து மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைத் திரும்ப மேஜையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டைரக்டர் ஓடி வந்தார். "மேடம், இந்தக் கழுவுற பொண்ணை இன்னைக்கே அனுப்பிடலாம்."

"அனுப்பிட்டு? நாளைக்கு நீங்க கழுவித் தருவீங்களா?" என்றார் அம்மா. பிறகு குரலை இறக்கினார். "கூடாதுன்னு எழுதி வெச்சேன் சார். ஏன் கூடாதுன்னு சொல்லலை. சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் அதுக்கு விஷம்னு ஒரு தடவை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். தப்பு என்னுது."

அப்போதுதான் அந்த உடைந்த கண்ணாடி ஞாபகம் வந்தது. எடுத்துக் கொடுத்தேன். அம்மா குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

"மூணு இருக்கு" என்றார்.

வந்தவர்களிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. செத்த ஆறையும் காட்டினார், இந்த மூன்றையும் காட்டினார். அவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு மாதம் தவணை கொடுத்துப் போனார்கள்.

அன்று வீட்டில் சொல்லி அழுதேன். என் வீட்டுக்காரர், "கண்ணுக்கே தெரியாததைக் கொன்னதுக்கு இவ்வளவு அழுகையா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்றில் ஒன்று இரண்டாம் நாள் போனது. இன்னொன்று நாலாம் நாள். மிச்சம் ஒன்று. பிரியவும் இல்லை, சாகவும் இல்லை. ஒவ்வொரு காலையும் நான் வாசலில் நின்று, "எத்தனைம்மா?" என்பேன். "ஒண்ணு" என்பார்.

ஒன்பதாம் நாள் நான் கேட்கவில்லை, பயம். அம்மாதான் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா. உக்காரு. ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு."

டைரக்டருக்குச் சொல்லும்முன், யாருக்கும் சொல்லும்முன், என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். வெளிச்சமான வட்டத்துக்குள் ஒன்று துள்ளிக்கொண்டு போனது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"எத்தனை?" என்றார்.

"ரெண்டும்மா" என்றேன். படைத்தவனை அவ்வளவு கிட்டத்தில் நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை.

மறுநாள் எட்டு. அந்த ஒன்பது நாளும் அது துணையில்லாமலே உள்ளுக்குள் இடித்துக் கட்டிக்கொண்டதை அம்மா கண்ணால் கண்டு எழுதிவைத்திருந்தார். அந்த எட்டில் ஒன்றின் வழி வந்ததுதான் இன்றைக்கும் அந்த அறையில் இருக்கிறது. அம்மாவின் கட்டுரை வெளியானபின் எங்கெங்கிருந்தோ கடிதம் வந்தது. கட்டைவிரல் அளவுக் குப்பிகளில் அந்த வம்சத்தை அடைத்து, பஞ்சு சுற்றி, தபாலில் அனுப்பியது நான்தான். எத்தனையோ தேசத்தில் அதை வைத்துப் படிக்கிறார்கள். அந்தக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் முதலாவதாக, "கண்ணாடி கழுவும் தோழிக்கு" என்று போட்டிருக்கிறது. டைரக்டர் இரண்டாவது. அவருக்கு அது கடைசிவரை வருத்தம்.

அந்தத் தொட்டிக்கு மேலே இருந்த சீட்டையும் மாற்றினார். "சோப்பு கூடாது, அதற்கு விஷம்" என்று.

ஓய்வு பெற்றபின் தம்பி வீட்டில் இருந்தார். எண்ணும் வேலையை எனக்குப் பழக்கிவிட்டுத்தான் போனார். உடம்பு முடியாமல் படுத்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அறை வேலையை முடித்துக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டிலில் பாதியாகச் சுருங்கியிருந்தார். உண்மையாகவே அப்போது கண் மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் என்னைக் கண்டுகொண்டார்.

"எத்தனை?"

"நாலும்மா."

"நல்லா எண்ணினியா?"

"ரெண்டு தடவை எண்ணிட்டேன்."

தலையை ஆட்டினார். நான் அவர் கையைப் பிடித்தபடி வழக்கம்போலக் கண்ணை மூடினேன். அவர் அந்தக் கையை மெல்லத் தட்டினார்.

"போதும், கிளம்பு. இனிமே நீ எண்ணுறதைப் பாரு. கும்பிடுறதை நான் பாத்துக்கிறேன்."