கமராவுக்குக் காட்டிய மாம்பழங்கள்

மாம்பழம் திருடினேன் என்று என்மேல் வழக்கு! இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன். அழைப்பாணை வந்த அன்று பாதி மானிப்பாய்க்குக் கேட்கக் கத்தினேன்.

பக்கத்து வீட்டு அக்கா கனடாவுக்கு மகனிடம் போகும்போது, "கறுத்தக்கொழும்பான் மாம்பழமெல்லாம் விழுந்து பழுதாப்போகும், ஆய்ஞ்சு சாப்பிடும் பிள்ளை" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நானும் இரண்டு வருடமாகப் பறித்துச் சாப்பிட்டேன். அந்த மனுசி அங்கிருந்தபடியே வீட்டை ஒரு லண்டன்காரருக்கு விற்றுவிட்டார். என்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. லண்டன்காரர் கமரா பூட்டினார், பழம் குறைவதைப் பார்த்தார், ஊரில் இருக்கும் தன் மச்சானைப் பொலிசுக்கு அனுப்பினார்.

நான் முன்பள்ளி ஆசிரியை. பதினெட்டு வருட வேலை. எங்கள் தலைமையாசிரியை கிறிஸ்தவ சபைக்காரர், பொல்லாத கண்டிப்பு. "களவெண்டு கோட்டிலை ஒத்துக்கொண்டீரெண்டால், பிறகு நீர் பிள்ளையளுக்கு முன்னாலை நிக்கேலாது" என்று சொல்லிவிட்டார்.

வீட்டிலோ வேறு பாட்டு. "இஞ்சாரும், குற்றவாளியெண்டு சொன்னால் பைனோடை முடிஞ்சிடும். சுற்றவாளி, குற்றம் செய்யேல்லையெண்டால் தவணை தவணையா அலையவேணும்" என்றார் என் கணவர். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

"அப்ப நீங்களே போய்க் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ!" என்று குசினிக்குள் இருந்து கத்தினேன்.

வழக்கு நாளில் கூண்டில் ஏறினேன்.

"பழம் எடுத்தனீரோ?" என்று நீதவான் கேட்டார்.

"ஓம் ஐயா, எடுத்தனான்."

"அப்ப குற்றவாளியோ?"

'ஓம்' வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் உடனே வீட்டுக்குப் போகலாம். கடைசி வாங்கில் தலைமையாசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை ஐயா, சுற்றவாளி. எடுத்தனான், களவெடுக்கேல்லை. அக்கா எடுக்கச் சொன்னவ."

"அக்கா வீட்டை வித்திட்டா."

"அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறேல்லை ஐயா."

பொலிசார் கமராப் படத்தைப் போனில் காட்டினார்கள். நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதில் நான், வீட்டுச் சட்டையோடு, கமராவுக்குக் கை காட்டுகிறேன். ஒவ்வொரு பழமாகத் தூக்கிக் காட்டுகிறேன். ஒன்றை முகர்ந்து, நல்ல வாசம் என்று தலையாட்டுகிறேன். கனடாவில் இருந்து அக்காதான் பார்க்கிறார் என்று நினைத்து, நின்று ஊர்ப் புதினமெல்லாம் கதைத்திருக்கிறேன்!

"களவெடுக்க வந்தவ ஏன் கமராவுக்குப் பழம் காட்டுறா?" என்று நீதவான் கேட்டார். லண்டன்காரரின் மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு எழுந்து, வழக்கு வேண்டாம் என்றார்.

"எடுக்கிறது வேறை, களவெடுக்கிற எண்ணம் வேறை. நீர் போகலாம்" என்றார் நீதவான்.

வெளியே தலைமையாசிரியை குடையை விரித்துக்கொண்டு நின்றார். நல்லதாக ஒரு வார்த்தை? மூச்!

"நாளைக்கு ஏழரைக்கு வாரும். பிள்ளையள் உம்மைத்தான் கேக்குதுகள்" என்றார்.

இத்தனை நாளும் கத்திக்கொண்டு திரிந்தவள், அந்த நீதிமன்ற வாசலிலேயே நின்று கோவென்று அழுதேன்.